நாலு விரல் கீழே

அன்புக்குரிய ஹனிபா நானாவுக்கு,

கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம் அது. விடிந்ததும் நீங்கள் பாதைப் படகில் ஏறி, ஆடு, மீன்பெட்டி, வெங்காயச் சாக்குகளோடு நெருங்கிக் கரை கடந்து, பஸ் பிடித்து எங்கள் தையல் கடைக்கு வருவீர்கள். உங்கள் கடைசி மகள் பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்தது. எங்கள் வீட்டுக் கிணறு முதல் தடவையாக உப்பாகிப் போனது. சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றிப் புதுக்கம்பி அடித்து, மாடு தேடிப் போனவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அது எத்தனையாம் ஆண்டு என்று இலக்கத்தில் கேட்டால் எனக்குச் சொல்ல ஏலாது, இப்படித்தான் சொல்ல ஏலும். அந்த வருசந்தான் நாங்கள் இருவரும் ஆமிக்காரரின் அந்த அங்கிகளைத் திருத்தித் தைத்தோம்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாதென்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் சுகந்தி எழுதுகிறாள். என் கதையைத் திருத்தாதே பிள்ளை என்றேன். திருத்தாமல் எழுத எனக்கு வராது மாமா என்கிறாள். ஆகவே இதில் நல்ல தமிழ் இருந்தால் அது அவளுடையது. நாற்றம் இருந்தால் அது என்னுடையது.

செத்தவருக்கு எழுதும் கடிதத்தை ஏன் பத்திரிகைக்கு அனுப்புகிறாய் என்று கேட்பீர்கள். அந்த அங்கிக் கதையை நீங்கள் சொல்லாத இடமில்லை நானா. தேத்தண்ணிக் கடையில் சொன்னீர்கள். மகளின் கலியாணத்தில் சாப்பாட்டுக்கு இருந்தபடி சொன்னீர்கள். ஒவ்வொரு தரமும் என்னைக் காட்டி, “கேளுங்க லிங்கத்திட்ட” என்பீர்கள். நான் ஓம் என்று தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போது எனக்கு ஓங்காளம் வருகிறது. ஊரறியச் சொன்னதை ஊரறியத்தான் திருத்த வேண்டும்.

நீங்கள் மவுத்தாகி, நோன்பும் வந்து பெருநாளும் போய்விட்டது. கடை நடக்கிறது. உங்கள் கதிரையில் நிலாவெளி ஹோட்டல்காரரின் குடைத்துணி குவிந்து கிடக்கிறது. திமிங்கிலம் பார்க்க வெள்ளைக்காரரை ஏற்றிப் போகும் படகுகளுக்குக் கூரைப் படங்கு தைத்து எனக்கு ஓய்வில்லை. கண் இன்னும் ஊசிக்கு நூல் கோக்கும். இடது முழங்கால்தான் சொல் கேளாது.

போன மாதம் உங்கள் பேரன் இர்ஷாத் வந்தான், மூத்தவள் நசீமாவின் மகன். பொலிசில் நாலு வருசம் இருந்துவிட்டு விலகினவன் இப்போது கப்பலில் காவலுக்குப் போகிறானாம். கடற்கொள்ளைக்காரர் திரிகிற பக்கம் போகும் சரக்குக் கப்பல்களில் துவக்கோடு நிற்கிற வேலை. கொழும்பில் ஒரு கொம்பனி அவனை எடுத்திருக்கிறது. உங்கள் மகள் என்னை மாமா என்று கூப்பிடுவதால் அவனும் அதையே பிடித்துக்கொண்டான். மத்தியானம், நான் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டு இருக்கும்போது, ஒரு பெரிய பையைத் தூக்கி வெட்டுமேசையில் தொப்பென்று போட்டான்.

“மாமா, இதப் பாருங்க. கொம்பனி தந்தது.”

பையைத் திறந்ததும் மணம் அடித்தது. வேறு யாரோ போட்டு வேர்த்து, காயாமல் மடித்து வைத்த உடுப்பின் மணம். பழைய மீன்பெட்டியை வெயிலில் வைத்த மாதிரி. நான் சோற்றை மூடி வைத்தேன். அன்று பிறகு அதைத் திறக்கவேயில்லை.

குண்டு தாங்கும் அங்கி. முன்னுக்கும் பின்னுக்கும் பெரிய பொக்கற், அதற்குள் ஒவ்வொரு தகடு. விரலால் தட்டியதும் எனக்கு விளங்கிவிட்டது. எத்தனை வருசம் போனாலும் கை அதை மறக்கவில்லை. “போடு பாப்பம்” என்றேன். போட்டான். தோளில் தடித்த பஞ்சு வைத்த வார், வலது பக்கத்தில் சரியாகத் தோள்குழிக்கு மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் கொளுக்கி. துவக்கு இல்லாததால் மூலையில் நின்ற, கடை கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து நீட்டினேன். அவன் தும்புப் பக்கத்தைத் துவக்கின் அடிக்கட்டையான சோங்காகத் தோளில் வைத்துக் கம்பைத் துவக்காகப் பிடித்துக் காட்டினான்.

“பாருங்க, சோங்கு இருக்கவே மாட்டெங்குது. இந்தக் கொளுக்கில முட்டி வழுக்கிக் கைப்பக்கம் போகுது. தகட்டு மூலையும் இடிக்குது. கப்பல் ஆடக்குள்ள நான் என்னத்தச் சுடுற?”

“பொடியா, தும்பைக் கண்ணுக்குள்ளை குத்திக்கொள்ளாதை.”

சிரித்தான். உங்கள் சிரிப்புத்தான் நானா, ஒரு பக்கம் மட்டும் வாய் போகிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே சொன்னான்:

“ஒண்டும் புதுசாச் செய்ய வேணாம் மாமா. மூத்தாப்பா ஆமிக்காரனுக்குச் செஞ்ச மாதிரியே தகட்ட நாலு விரல் இறக்கித் தாங்க. எத்தனை தரம் சொல்லியிருக்காரு. சனிக்கிழமை நான் கொழும்புக்குப் போகணும்.”

அன்று வியாழக்கிழமை.

மூத்தாப்பாவான நீங்கள் அவனுக்குச் சொன்னதைத்தான் அவன் கேட்டான். அவனில் என்ன பிழை? ஆனால் கதவுப் பக்கம் போய் வீதியில் துப்பிவிட்டு வந்தேன்.

அந்தக் கதையை நீங்கள் சொல்லும் விதம் எனக்குத் தெரியும். இப்போது நான் கண்ட விதத்தைக் கேளுங்கள்.

கனமான துணி தைக்கும் மெசின் நகரில் எங்களிடம் மட்டும்தான் இருந்தது. அதனால் ஆமி முகாமிலிருந்து வந்தார்கள். ஏலாது என்று சொல்லக்கூடிய காலமா அது? எங்கள் ஆட்கள் எங்களைப் பார்த்த பார்வையும் எனக்கு நினைவிருக்கிறது, நான் கடை திறக்கும்போது எதிரே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர்கள் தலையைத் திருப்பியதும் நினைவிருக்கிறது. அங்கிகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை, பெரிய உடம்புக்காரருக்குத் தைத்தவை. எங்கள் நாட்டு ஆமிப் பொடியன்கள் போட்டால் கதவைக் கழற்றி மாட்டிக்கொண்ட மாதிரி நின்றார்கள்.

நாங்கள் சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரியே அளவெடுத்தோம். “கையத் தொங்கப்போடுங்க தம்பி, நேரே பாருங்க” என்று நீங்கள் சொன்னீர்கள். துவக்கு பிடிக்கிறவன் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டா நிற்பான்? அது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை வருசத் தையலில் நாங்கள் கண்ட மனிதர் எல்லாரும் கையைத் தொங்கப்போட்டவர்கள்.

முதல் நாள் அவர்களுக்கு மேலான ஒரு பெரியவன் கூட வந்தான். பெயர் எனக்குத் தெரியாது. தன் கழுத்தெலும்பு இரண்டும் சந்திக்கிற குழியில் ஆட்காட்டி விரலை வைத்து, தகட்டின் மேல் விளிம்பு இங்கேயிருந்து தொடங்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னான். விரலை இரண்டு தரம் அந்தக் குழியில் குத்தினான். அந்த நேரம் நீங்கள் கொப்பியில் குனிந்து முந்திய ஆளின் நெஞ்சளவை எழுதிக்கொண்டிருந்தீர்கள். எழுதத் தெரியாத நான் அவனுடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவன் லீவில் போய்விட்டான்.

அவன் சொன்ன இடத்தில்தான் முதலில் தகடு இருந்தது. பிறகு பொடியன்கள் துவக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். சோங்கு தோளில் இருக்கவில்லை, கழுத்தில் விளிம்பு உரசியது. ஒவ்வொருத்தனும் முறைப்பாடு. முறைப்பாடு என்றால் உங்களுக்கு நித்திரை வராது. குறை சொல்லிக்கொண்டு ஒருத்தன் கடைவாசலை விட்டு இறங்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். அந்தச் சட்டத்தால்தான் நகரில் உங்களுக்குப் பெயர் இருந்தது.

பொக்கற்றின் அடித்தையலைப் பிரித்து, நாலு விரல் படங்குத் துணி வைத்து நீட்டினீர்கள். தகடு கீழே இறங்கியது. மூலை சோங்குக்கு வழி விட்டது. நான் மெசினில் இருந்து அதைப் பச்சை நூலால் இரட்டைத் தையல் போட்டேன். அந்தப் பெரியவனின் விரல் என் கண்ணுக்குள் நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் மூத்தவர், அளவு உங்களுடையது, மெசின்தான் என்னுடையது என்று இருந்தேன்.

முதல் அங்கியைப் போட்டுப் பார்த்தவன் கந்தளாய்ப் பொடியன் நிமல். இருபது வயது இருக்கும். நெஞ்சு முப்பத்தாறு, இடத்தோள் வலத்தோளை விடச் சற்றுத் தாழ்வு. அயல்வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய தமிழ் பேசினான். நீங்கள் வழக்கம்போல நிற்கச் சொன்னீர்கள், இருக்கச் சொன்னீர்கள், குனியச் சொன்னீர்கள். மூன்று தரம் “சரியா?” என்று கேட்டீர்கள். மூன்றாவது சரியோடு வேலை முடிந்தது என்பது கணக்கு.

“சரி பாஸ், சரி, சரி” என்று அவன் துள்ளினான். துவக்கைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தான். “தோள்ல பிள்ளை நித்திர கொள்ற மாதிரி இருக்கு.”

“கலியாணம் முடிக்காதவனுக்குப் பிள்ளையப் பத்தி என்ன தெரியும்?” என்று நீங்கள் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த விரலைத் தவிர இதுவரை உங்களுக்குத் தெரியும். இனிச் சொல்வது உங்களுக்குத் தெரியாது.

மூன்று கிழமை போயிருக்கும். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தூக்கிய என் மச்சான் கணேசன், வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னான்.

“அத்தான், உங்கட தையல் ஒண்டைக் கண்டனான். பச்சை நூல்.”

“எங்கை?”

“கொண்டுவந்த பொடியன்ரை அங்கியிலை. தகட்டிலை ஒரு கீறலும் இல்லை. சுட்ட சன்னம் அதுக்கு மேலாலை போயிருக்கு.”

தன் நெஞ்சில், கழுத்துக்குழிக்குக் கீழே, விரல்களை அடுக்கி வைத்துக் காட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு கையை எடுத்துச் சாரத்தில் துடைத்தான். “கந்தளாயாம். பேர் நிமலாம்” என்றான்.

சுகந்தி இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருக்கிறோம், இது எனக்குத் தெரியாதே மாமா என்கிறாள். எழுது பிள்ளை, எழுது.

மறுநாள் நான் கடைக்கு வந்தேன். நீங்கள் யாரோ ஒரு வியாபாரிக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவர் போனதும் நான் கேட்டேன். நினைவிருக்கிறதா?

“நானா, அந்தத் தகடுகளைத் திரும்ப மேலை ஏத்தினால் என்ன?”

“ஏன் லிங்கம், ஆராச்சும் குறை சொன்னாங்களா?”

“இல்லை.”

“அப்ப என்னத்துக்கு? சரின்னு சொல்லி எடுத்துட்டுப் போன உடுப்பு நம்மட இல்ல.”

நான் மெசினில் ஏறி இருந்தேன். அவ்வளவுதான். அந்த ஆமிக்காரர் அதற்குப் பிறகும் இரண்டு மாதம் இங்கேதான் இருந்தார்கள், நானா. இரண்டு மாதம். முகாம் நடந்து போகிற தூரம். ஒரு நாள் போய் வாசலில் நின்று, அந்த உடுப்பைத் திருப்பித் தாருங்கள், பிழையாகத் தைத்துவிட்டோம் என்று சொல்லியிருக்கலாம். வேறு எத்தனை பேர் அந்த நாலு விரலைத் திறந்துபோட்டுக்கொண்டு போனார்களோ, அவர்களில் யார் திரும்பினார்களோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் போகவில்லை.

பயம் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. தமிழன் வேண்டுமென்றே இறக்கித் தைத்தான் என்று சொல்வார்கள், பிறகு நானும் இல்லை, கடையும் இல்லை. அது சரிதான். ஆனால் மற்றப் பாதி என்ன தெரியுமா? என் தையல் நல்ல தையல். பிரியாத தையல். அதைப் பிழை என்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பாதியைத்தான் என்னால் சகிக்க ஏலாமல் இருக்கிறது. செத்தவனின் நெஞ்சில் கிடந்த என் பச்சை நூலுக்காக நான் வெட்கப்படவில்லை, அது பிரியவில்லை என்று உள்ளே எங்கேயோ ஒரு நிம்மதி இருந்தது. சீ. இதை விட அரியண்டம் என்ன இருக்கிறது?

சரி, இர்ஷாத்திடம் வருகிறேன்.

“நாலு விரல் இறக்க ஏலாது. விளிம்பு கழுத்துக் குழியிலைதான் இருக்கவேணும்” என்றேன். “இந்தத் தகடு உனக்கு அகலம். சின்னத் தகடு கேள்.”

அவன் கொம்பனி மனேஜருக்குப் போன் எடுத்து, எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான். அந்தக் குரல், நானா, நெய் தடவிய குரல்.

“சைஸ் எல்லாம் ஒண்டுதான் தம்பி. கப்பல்ல ஏறேக்க ஒரு படம் எடுப்பினம், அதுக்குப் போட்டால் காணும். உங்களுக்கு எது வசதியோ அப்பிடிப் போடுங்கோ. கீழ இறக்கினால் மூச்சு விடவும் நல்லம். வசதிதான் முக்கியம், என்ன?”

போனைப் பறித்து அந்த வாய்க்குள் தும்பை விட வேண்டும் போல் இருந்தது. மனிதன் நெஞ்சை மூடுகிற சாமான், படம் எடுக்கிறதுக்காம். துப்பினால் போனின் கண்ணாடியில்தான் படும் என்று விழுங்கினேன். விழுங்கிய பிறகுதான் அந்தச் சொல் காதில் உறைத்தது. வசதி. நாங்கள் சொன்னதும் அதுதானே? அவன் நெய் தடவிச் சொன்னான், நாங்கள் நல்ல மனதோடு சொன்னோம். நிமலுக்கு அதில் என்ன வித்தியாசம்?

“கேட்டீங்கதானே? இறக்கித் தாங்க மாமா.”

“ஏலாதடா.”

“மூத்தாப்பாக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரியும்? அவரு கண்டுபிடிச்சதுக்கு ஆமிக்காரனே கையக் குடுத்திட்டுப் போனானாம். நீங்க பக்கத்துல மெசின் மிதிச்ச ஆள்தானே?”

அது எனக்குச் சுடவில்லை. உண்மைதானே. அவன் அங்கியைக் கழற்றிப் பைக்குள் திணித்தான். “தபால் கந்தோரடியில வேற ஒரு டெய்லர் இருக்கான். அரை மணித்தியாலத்துல செஞ்சு தருவான்” என்று பையைத் தோளில் போட்டான்.

செய்து கொடுப்பான். எனக்குத் தெரியும். அரை மணித்தியாலம் கூடத் தேவையில்லை. அடித்தையலைப் பிரித்து, நாலு விரல் துணி.

வாசற்படியில் அவன் கால் வைத்தபோது சொன்னேன். “உன்ரை மூத்தாப்பா இறக்கின முதல் அங்கியைப் போட்டவன் மூண்டு கிழமையிலை செத்துப்போனான். இறக்கின இடத்துக்கு மேலாலை பட்டு.”

திரும்பினான். நான் முழுவதையும் சொன்னேன். விரலையும் சொன்னேன், கொப்பியையும் சொன்னேன், கணேசனையும் சொன்னேன், இரண்டு மாதத்தையும் சொன்னேன்.

அவன் கண் சிவந்தது. “மூத்தாப்பாக்குத் தெரியுமா இது?”

“தெரியாது.”

“அவரு மவுத்தாகுமட்டும் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சாரே. நீங்க பக்கத்துல இருந்து தலையாட்டினீங்களே. அப்ப ஒங்கட வாய் எங்க மாமா போச்சு? ஒரு பொய்க்கு அவரக் காவல் வெச்சிருக்கீங்க.”

பையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கிப் போனான். நான் உங்கள் கதிரையில் இருந்த குடைத்துணியைத் தள்ளிவிட்டு அதில் குந்தினேன். அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற எனக்கு முடியவில்லை. உங்களுக்கு நான் செய்தது மரியாதையா, நானா? ஒரு மனிதனைத் தன் பிழை தெரியாமல் சாகவிடுவதற்கு மரியாதை என்றா பெயர்?

பின்னேர அசர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு அவன் திரும்பி வந்தான். முகம் கழுவியிருந்தான்.

“என்ன செய்யணும்?” என்றான். மாமா என்று சொல்லவில்லை.

“தும்புத்தடியை எடு.”

இந்த முறை அவனைக் கையைத் தொங்கப்போட நான் விடவில்லை. தடியைத் தோளில் வைத்தபடியே நிற்கச் சொன்னேன், ஒரு முழங்கால் மடிக்கச் சொன்னேன், இடமும் வலமும் திரும்பச் சொன்னேன். நானும் அவனோடு குந்தி எழும்பினேன். முழங்கால் என்னை ஏசியது. தகட்டில் நான் கை வைக்கவில்லை. அது கழுத்துக் குழியில் இருக்கட்டும், மற்றதெல்லாம் அதற்கு இடம் விடட்டும். வலத்தோள் வாரைப் பிரித்தேன். பஞ்சு என்று நினைத்தது பஞ்சில்லை, யாரோ கழித்த பழந்துணிக் கந்தல், வேர்வையில் புளித்துக் கறுத்துப்போய் இருந்தது. இரண்டு விரலால் பிடித்து வெளியே எறிந்தேன். வாரை மெல்லிதாக மடித்துத் தைத்துக் கழுத்துப் பக்கம் ஒதுக்கினேன். கொளுக்கியை முதுகுப்பக்கம் கொண்டுபோனேன். விலா வாரை இறுக்கினேன், இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது தகடு தூக்கிக்கொண்டு போகும். தோள்குழி வெளித்தது. சோங்கு இருக்க அந்தளவு இடம் போதும். முழங்கையை வெளியே விரிக்காமல் கீழே இறக்கினால் அது வந்து குந்திக்கொள்ளும்.

அந்த வருசம் இதையே செய்திருக்கலாம், நானா. அதே மெசின், அதே நூல், அரை நாள் வேலை. தகட்டை அசைக்காமல் வாரை அசைப்பது. எங்கள் இருவருக்கும் அது தெரியாத வேலையா?

“வசதியில்ல” என்றான் இர்ஷாத்.

“இராது.”

“விளிம்பு கழுத்துல முட்டுது.”

“முட்டட்டும்.”

“மூச்சு விடக்குள்ள தெரியுது.”

“தெரியிறது நல்லது. மூச்சு விடுறாய் எண்டு அர்த்தம்.”

அவன் வாயின் ஒரு பக்கம் கொஞ்சம் போனது. முழுச் சிரிப்பு இல்லை. நான் சரியா என்று கேட்கவில்லை. ஒரு தரமும் கேட்கவில்லை. என் ஆட்காட்டி விரலை அவன் கழுத்துக் குழியில் வைத்து, விளிம்பு விரலில் படுகிறதா என்று பார்த்தேன். பட்டது. கையைத் தூக்க வைத்துப் பார்த்தேன். பட்டது. குந்த வைத்துப் பார்த்தேன். பட்டது. நூலை வெட்டினேன்.

அங்கியை மடித்துப் பையில் வைக்கும்போது அவன் தலையைத் தூக்காமலே கேட்டான்.

“அந்தப் பொடியன்ட உம்மா இரிக்காங்களா?”

“எனக்கென்ன தெரியும்?”

“தேடிப் பாத்தீங்களா?”

நான் ஊசியையும் நூலையும் எடுத்துப் பையின் அடியில் வைத்தேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் வந்தது. பொலிசில் கூட இருந்த ஒரு கந்தளாய்ச் சிநேகிதனைப் பிடித்து விசாரித்திருக்கிறான். தாய் இருக்கிறாளாம். எழுபத்தைந்துக்கு மேல். குளக்கட்டுப் பக்கம் மகளோடு இருக்கிறாளாம். அந்த மகளோடு கதைத்திருக்கிறான், யார் என்று சொல்லாமல்.

“மாமா, ஒண்டு சொல்றன், கேளுங்க” என்றான். மாமா திரும்பி வந்திருந்தது. “அவங்களுக்கு அந்த நேரம் ஆரோ சொல்லியிருக்காங்க, பொடியன் அங்கியச் சரியாப் போடல்ல, சோம்பல்ல தொங்கவிட்டிருந்தான், அதாலதான் மேல பட்டதெண்டு. அந்தக் கிழவி இண்டைக்கும் அவன்ட படத்துக்கு முன்னால நிண்டு ஏசுவாங்களாம். ஒழுங்கா ஒரு உடுப்புப் போடத் தெரியாத பிள்ளையப் பெத்தனே எண்டு.”

நானா.

இத்தனை வருசம். ஒழுங்காகப் போட்டவன். நிற்கச் சொன்ன இடத்தில் நின்று, குனியச் சொன்னபோது குனிந்து, மூன்று தரம் சரி சொன்னவன். நாங்கள் எங்கே வைத்தோமோ அங்கேதான் அவன் அதை வைத்திருந்தான். நாங்கள் சோறு தின்று, பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து, கதிரையில் இருந்து பெருமை பேசிய காலம் முழுவதும் அவன் ஏச்சு வாங்கிக்கொண்டு சுவரில் தொங்கியிருக்கிறான்.

செத்தவனைப் பற்றிய கதை ஆறிப் போனது, இப்போது கிளறி யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு நானே சொல்லி வந்தேன். அதற்கும் வசதி என்றுதான் பெயர், இல்லையா?

இர்ஷாத் கப்பல் ஏறிவிட்டான். ஏறும்போது எடுத்த படத்தைச் சுகந்தியின் போனுக்கு அனுப்பினான். மற்ற மூன்று பேருக்கும் தகடு வயிற்றில் தொங்குகிறது. இவனுக்குக் கழுத்தடியில் நிற்கிறது. பார்க்க அழகில்லை. நான் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்க்கச் சொன்னேன். அந்த மூன்று பேரின் தாய்மாருக்கும் யார் சொல்வது? அவனிடம் சொல்லியிருக்கிறேன், வாரை எப்படி மாற்றுவதென்று கப்பலிலேயே அவர்களுக்குக் காட்டு, ஊசியும் நூலும் பையின் அடியில் வைத்திருக்கிறேன் என்று.

வருகிற திங்கட்கிழமை நான் கந்தளாய் பஸ் ஏறுகிறேன். சுகந்தி கூட வருகிறேன் என்கிறாள், வேண்டாம் என்றேன். என் சிங்களம் சந்தைச் சிங்களம். இரண்டு சொல் போதும். “அபே வெரெத்த.” எங்கள் பிழை. அதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், நாக்கு இப்போதே புரள்கிறது. உங்கள் பெயரையும் சொல்லத்தான் வேண்டும், மன்னியுங்கள். ஆனால் முதலில் என் பெயரைச் சொல்வேன். நீங்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள், அந்த விரலைக் கண்டவன் நான் ஒருத்தன்தான் என்று சொல்வேன். உன் பிள்ளை உடுப்பை ஒழுங்காகப் போட்டிருந்தான் என்று சொல்வேன். அவள் என்னை ஏசட்டும். செருப்பைக் கழற்றினாலும் நான் நகர மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. இந்த முறை தலையாட்டிவிட்டு இருக்க மாட்டேன்.

தாமதித்தால் அதற்கும் ஆள் இருக்காது. விரலால் காட்டிய அந்தப் பெரியவனும் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான். கணேசன் போய்ப் பத்து மாரி கழிந்துவிட்டது. நிமலின் தகப்பனும் இல்லையாம். நீங்களும் போய்விட்டீர்கள். குற்றம் செய்த பக்கத்தில் நான் ஒருத்தன் மிச்சம், என்னைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கேட்க வேண்டியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்திதான். கந்தளாய்க் குளக்கட்டடியில், அவன் அம்மா, சோமாவதி.

உங்களுக்குப் பக்கத்து மெசினில் இருந்த தம்பி,
லிங்கம்